25 மீட்டர் தோட்டமும் மீதி 99 வருடமும்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு வாசகி, "எழுபது வயதுக்கு மேல் வாக்கிங் போவதால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தார். "இங்கிலாந்தில் கேப்டன் டாம் என்று ஒரு தாத்தா நடந்ததில் ஆஸ்பத்திரிகளுக்கு முந்நூறு கோடி ரூபாய் லாபம்" என்று ஒற்றை வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். யார் அந்தத் தாத்தா, கதை விடுகிறீர்களா என்று கார்டும் கவரும் வாட்ஸ்அப்புமாக வந்து குவிந்துவிட்டது. அதனால் இந்த இதழ் முழுக்க அவர்தான். சினிமா, அரசியல் கேள்வி கேட்டவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் எங்கேயும் ஓடிவிடாது.

நிஜமாகவே அப்படி ஒருவர் இருந்தாரா, சார்? (பிளஸ் ஒன் மாணவி, தேனி)

இருந்தார் அம்மா. முழுப்பெயர் டாம் மூர். 1920 ஏப்ரல் 30-ல் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் கீத்லி என்ற ஊரில் பிறந்தவர். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்தால் நமக்கு 'கெய்லி' என்றுதான் வரும். ஊர்க்காரர்கள் கீத்லி என்பார்கள். திருவல்லிக்கேணியை ட்ரிப்ளிகேன் என்று நாம் சகித்துக்கொண்டதுபோல இதையும் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

2020 மார்ச் கடைசியில் அங்கேயும் கொரோனா ஊரடங்கு. டாமுக்கு அப்போது 99 வயது. நூறாவது பிறந்தநாளுக்குள் வீட்டுத் தோட்டத்தின் 25 மீட்டர் பாதையில் 100 முறை நடப்பது, அதைச் சொல்லி ஆஸ்பத்திரி ஊழியர்களுக்காக 1,000 பவுண்டு திரட்டுவது என்று ஏப்ரல் 6-ம் தேதி ஆரம்பித்தார். நாலே நாளில் ஆயிரம் வந்துவிட்டது. டி.வி.க்காரர்கள் வந்தார்கள். ஏப்ரல் 16-ல் நூறாவது சுற்றை முடித்தபோது யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் சிப்பாய்கள் பாதையின் இருபுறமும் இடைவெளி விட்டு நின்று மரியாதை செய்தார்கள். பிறந்தநாளோடு வசூலை மூடியபோது 3.27 கோடி பவுண்டுக்கு மேல் சேர்ந்திருந்தது. கொடுத்தவர்கள் 15 லட்சம் பேருக்கு மேல். வரிச்சலுகையாக அரசாங்கம் கூடுதலாகக் கொடுத்ததையும் சேர்த்தால் 3.8 கோடியைத் தாண்டும்.

என் பாட்டிக்கு 84 வயது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், செருப்பு இல்லாமல். உங்கள் வெள்ளைக்காரத் தாத்தா நடந்தது மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? (வாசகர், போளூர்)

முதலில் பாட்டிக்கு என் நமஸ்காரம். நடையில் அவர்தான் ஜெயித்தார், சந்தேகமே இல்லை.

டாமுக்கு 2018-ல் கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. தோலில் புற்றுநோய் வந்து அதற்கும் வைத்தியம் பார்த்தார்கள். சக்கரம் வைத்த வாக்கரைத் தள்ளிக்கொண்டு, ஒரு நாளைக்குப் பத்துச் சுற்று என்று கணக்கு வைத்து நடந்தார். தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் திருப்பி ஏதாவது செய்ய வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

நான் அந்த வீடியோவை அப்போதே பார்த்தேன். வீட்டுத் தோட்டத்தில், வெயிலில், வாக்கர் தள்ளி நடக்கிற 99 வயது மனிதர் நீல பிளேசர், டை, மார்பில் மெடல்கள் என்று ஆபீஸ் கிளம்புகிற மாதிரி இருந்தார். அந்த மாதம் நான் லுங்கியை மாற்றியதே இல்லை. மறுநாள் காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டேன். வீட்டில் "எங்கே கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார்கள். பதில் இல்லை.

அவர் இந்தியாவில் இருந்தாராமே? பர்மா போரிலும் இருந்தார் என்கிறார்களே? நாங்கள் ரங்கூனிலிருந்து வந்த குடும்பம், அதனால் கேட்கிறேன். (வாசகர், வியாசர்பாடி, சென்னை)

இருந்தார். சிவில் இன்ஜினீயரிங் அப்ரென்டிஸாக வேலை கற்றுக்கொண்டிருந்த பையனை 1940-ல் கட்டாய ராணுவ சேவைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டியூக் ஆஃப் வெலிங்டன் ரெஜிமென்ட். 1941 ஜூனில் அதிகாரி ஆனார். அவர் போய்ச் சேர்ந்த ஒன்பதாவது பட்டாலியன் இந்தியாவுக்கு வந்த பிறகு டாங்கிப் படையாக மாறியது. பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு அந்தப் படை சாலை வழியாகப் போக மூன்று வாரம் ஆனது. மழை, வழியெல்லாம் வெள்ளம். சின்ன வயதிலிருந்தே டாமுக்கு மோட்டார் சைக்கிள் பைத்தியம். பன்னிரண்டு வயதிலேயே ஒன்று வாங்கியவர். அது தெரிந்து, ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அப்புறம் மேற்கு பர்மாவில் அரக்கான். அங்கே டெங்கு வந்து பிழைத்தார். 1944-ல் கேப்டன். 1945 பிப்ரவரியில் சர்ச்சில் டாங்கி பற்றிய பயிற்சிக்காக இங்கிலாந்து திரும்பி, பாவிங்டன் ராணுவப் பள்ளியில் பயிற்சியாளராக இருந்துவிட்டு வெளியே வந்தார்.

உங்கள் குடும்பத்துக்கு அரக்கான் என்றால் வேறு ஞாபகம் வரும். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் கிளம்பினார்கள். அதில் ஒரு கூட்டம் அரக்கான் மலைகளைத் தாண்டித்தான் சிட்டகாங் பக்கம் வந்தது. நம்மவர்கள் நடந்து வெளியேறிய அந்தக் காட்டுக்குள் டாம் மாதிரியானவர்கள் பிறகு உள்ளே போனார்கள். அவர் இருந்த 14-வது படையை 'மறக்கப்பட்ட படை' என்பார்கள். அதில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்களையே மறந்துவிட்டார்கள் என்றால் நம்மவர்களை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்?

என் பெரிய மாமா அந்த இந்தியச் சிப்பாய்களில் ஒருவர். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவ இன்ஜினீயர் படை. அந்தப் படையில் சிப்பாய்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். மாமா சண்டை பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. அட்டைப்பூச்சி பற்றிப் பேசுவார். மலேரியாவுக்காகத் தினமும் கொடுத்த மெபாக்ரின் மாத்திரை பற்றிப் பேசுவார். அதைத் தின்றால் உடம்பு மஞ்சளாகிவிடும். 1946-ல் மாமா மன்னார்குடி வந்து இறங்கியபோது அத்தை அவரைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, ஒரு மாதம் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டாள். "ஜப்பான்காரன்கூட அவ்வளவு படுத்தலைடா" என்பார்.

ராணுவத்தை விட்டு வந்தபின் என்ன செய்தார்? கோடீஸ்வரரா? (ஹார்டுவேர் கடைக்காரர், காரைக்குடி)

சரியான ஆள்தான் கேட்கிறீர்கள். எனக்கும் இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான், பேப்பர்களில் இரண்டு வரிக்கு மேல் வராத பகுதியும் இதுதான்.

கோடீஸ்வரர் எல்லாம் இல்லை. அப்பா வழியில் கட்டடம் கட்டுகிற குடும்பம், அம்மா பள்ளித் தலைமையாசிரியை. யார்க்‌ஷயரில் கூரைப் பொருள்கள் விற்கும் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜராக இருந்தார். பிறகு கிழக்கு இங்கிலாந்தில், சதுப்பு நிலத்தை வடிகட்டி வயலாக்கிய ஃபென்ஸ் பகுதியில், ஒரு கான்கிரீட் பொருள் கம்பெனிக்குப் பொறுப்பாளராகப் போனார். ஊர் பெயர் மார்ச். ஆமாம், மாதத்தின் பெயர்தான்.

1983-ல், தான் சம்பளத்துக்கு வேலை பார்த்த அதே கம்பெனியை, கூட வேலை பார்த்தவர்களையும் உள்ளூர்ப் பணக்காரர்கள் சிலரையும் சேர்த்துக்கொண்டு விலைக்கு வாங்கினார். மார்ச் கான்கிரீட் ப்ராடக்ட்ஸ் என்று பெயர் மாற்றினார். அப்போது அவருக்கு வயது 63. நம் ஊரில் அந்த வயதில் மனிதர்கள் பென்ஷன் அரியர்ஸ் கணக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். நாலு வருடம் நடத்தி 1987-ல் பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றார். நடுவில் அதே 1983-ல் பி.பி.சி.யில் டெர்ரி வோகன் நடத்திய ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில் போட்டியாளராகவும் போய் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி வாங்குகிற வருடத்தில் ஒரு மனிதருக்கு டி.வி. நிகழ்ச்சிக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

கூரைப் பொருள் விற்பனை என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்தப் பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன் 28 வருடம் நான் ஒரு கம்பெனியின் சிமென்ட் ஷீட் பிரதிநிதி. காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி, அறந்தாங்கி என்று என் லைன். காலையில் கடை திறக்கும்போதே போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட வேண்டும். முதலாளி சாம்பிராணி போட்டு முடித்து, முதல் வியாபாரம் ஆகி, அதற்கப்புறம்தான் நம் முகத்தைப் பார்ப்பார். பார்த்ததும் ஆர்டரைப் பற்றிப் பேச மாட்டார். "போன லோடுல ஆறு ஷீட்டு உடைஞ்சு வந்துச்சு" என்று ஆரம்பிப்பார். கொல்லைப்புறம் கூட்டிப் போய்க் காட்டுவார். அந்த ஆறில் இரண்டு போன வருடமே உடைந்தது என்று ஓரத்தில் படிந்த பாசியிலேயே தெரியும். நான் ஆறுக்கும் கிரெடிட் நோட் எழுதுவேன். அவர் இருநூறு ஷீட்டுக்கு ஆர்டர் கொடுப்பார். அந்தப் பாசி பிடித்த இரண்டு ஷீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே கிடையாது.

டாமுக்கும் அப்படி ஒரு யார்க்‌ஷயர் கடைக்காரர் இருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். நூறாவது வயதில் டி.வி. கேமரா முன் அவர் காட்டிய நிதானம் அரக்கானில் வந்ததாக எல்லோரும் எழுதினார்கள். பாதி அங்கே வந்திருக்கலாம். மீதி ஸ்டூலில் உட்கார்ந்து வந்தது. இது என் கட்சி, நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ராணுவ நண்பர்களோடு தொடர்பு வைத்திருந்தாரா? (முன்னாள் ஹவில்தார், வேலூர்)

தன் பட்டாலியன்காரர்களின் வருடாந்திரச் சந்திப்பை 64 வருடம் அவர்தான் நடத்தினார். தேதி குறித்து, எல்லோருக்கும் எழுதிப்போட்டு, வரவழைக்கிற வேலை. பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பை இரண்டு வருடம் நடத்திப் பாருங்கள், 64 என்ற எண்ணின் கனம் தெரியும்.

அதுபோன்ற பட்டியலுக்கு ஒரு கஷ்டம் உண்டு, ஹவில்தார் ஐயா, உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். என் மாமா மன்னார்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், மணிக்கு இரண்டணா வாடகை. எந்த சைக்கிள் யார் எடுத்தது என்று எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தன் ராணுவக் கம்பெனி ஆட்களின் பெயர்கள், ஊர்கள். சாவுச் செய்தி கார்டு வந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. நோட்டு தீர்ந்து புது நோட்டு வாங்கும்போது அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒட்ட மாட்டார். கோடு போட்ட பெயர்களையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுவார், எழுதிவிட்டு மறுபடி கோடு போடுவார். ஏன் மாமா, இருக்கிறவர்களை மட்டும் எழுதினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "ஆஜர் பட்டியல்டா இது" என்றார். அதற்கு மேல் விளக்கம் வரவில்லை.

மனைவி, குழந்தைகள் பற்றிச் சொல்லவே இல்லையே? (இல்லத்தரசி, பொள்ளாச்சி)

முதல் கல்யாணம் சரிப்படவில்லை, பிரிந்தார். 1968-ல் தன் 47-வது வயதில் பமீலாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அவரைவிட பதினைந்து வயது இளையவர். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். ஐம்பதை ஒட்டி அப்பா ஆனவர் டாம். ஸ்கூல் வாசலில் மற்ற அப்பாக்கள் நடுவே தாத்தா என்று நினைத்திருப்பார்கள்.

பமீலாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டி வந்தது. எண்பதைத் தாண்டிய டாம் தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். அந்த இல்லத்தில் யாருமே பார்க்க வராத மற்றவர்களையும் அப்போதுதான் பார்த்தார். பிற்காலத்தில் முதியவர்களின் தனிமை பற்றி அவர் திரும்பத் திரும்பப் பேசியதற்கு அதுதான் காரணம். பமீலா 2006-ல் இறந்தார். அடுத்த வருடம் பெட்ஃபோர்ட்ஷயரில் மார்ஸ்டன் மோர்டெய்ன் என்ற கிராமத்தில் இளைய மகள் குடும்பத்தோடு சேர்ந்து வாழப் போனார். அந்த வீட்டுத் தோட்டம்தான் உலகம் பார்த்த தோட்டம்.

நம்மில் பலர் 'வெள்ளைக்காரன் வயசானவங்களை ஹோமில் தள்ளிவிடுவான்' என்று சொல்வோம். இந்த மனிதர் பேரப்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் 13 வருடம் இருந்திருக்கிறார். 100-வது பிறந்தநாளுக்கு ஒன்றரை லட்சம் வாழ்த்து அட்டைகள் வந்தன. வீட்டில் வைக்க இடமில்லாமல் பேரன் படித்த பள்ளியின் பெரிய ஹாலில் தரை முழுக்கப் பரப்பி வைத்தார்கள்.

இங்கிலாந்தில் வைத்தியம் அரசாங்கமே இலவசமாகத் தருகிறதே, அப்புறம் நன்கொடை எதற்கு? (ஆடிட்டர், ஈரோடு)

ஆடிட்டர் கேட்க வேண்டிய கேள்வி. 1948 ஜூலை 5-ல் தொடங்கிய என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவ சேவை வரிப்பணத்தில் நடக்கிறது. டாமின் பணம் அந்தக் கஜானாவுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்த அறக்கட்டளைகள் நிறைய உண்டு. அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் போய் அங்கிருந்து பிரிந்தது. ஊழியர்கள் கால் நீட்டிப் படுக்க ஓய்வறை, சாப்பாடு, மனநல ஆலோசனை, பார்வையாளர் அனுமதி இல்லாத வார்டில் நோயாளி தன் வீட்டாரை வீடியோவில் பார்க்க டேப்லெட் என்று செலவானது. அந்த ஓய்வறைகளில் படுத்தவர்களில் நம் ஊர் நர்ஸுகளும் யாழ்ப்பாணத்து டாக்டர்களும் இருந்திருப்பார்கள்.

சர் பட்டம் கொடுத்தபோது மண்டி போட்டாரா? (வாசகர், விருதுநகர்)

இல்லை. 2020 ஜூலை 17-ல் விண்ட்சர் கோட்டை முற்றத்தில் நடந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார், எலிசபெத் ராணி தன் அப்பாவின் வாளால் தோளைத் தொட்டார். மண்டி போட்டால் திரும்ப எழுந்திருக்க முடியாது என்று டாம் முன்பே தமாஷாகச் சொல்லியிருந்தார்.

அவர் பெயரில் குடும்பத்தினர் பணம் சம்பாதித்தார்கள் என்று செய்தி வந்ததே? அதை ஏன் மறைக்கிறீர்கள்? (வாசகர், கோவில்பட்டி)

மறைக்கவில்லை, வரிசையில் வைத்திருந்தேன். இந்தக் கேள்வி ஐந்தாறு பேரிடமிருந்து வந்தது. ஒருவர் கேட்ட தோரணை, டாமே அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார் என்பதுபோல.

இரண்டு பணத்தைக் குழப்பக்கூடாது. தோட்டத்தில் நடந்து சேர்த்த பணம் நேராக ஆஸ்பத்திரி அறக்கட்டளைகளுக்குப் போய்விட்டது. அதில் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு அவர் பெயரில் குடும்பம் தனியாக ஓர் அறக்கட்டளை தொடங்கியது. இங்கிலாந்தின் அறக்கட்டளை ஆணையம் அதை விசாரித்து 2024 நவம்பரில் அறிக்கை வெளியிட்டது. நிர்வாகத்தில் திரும்பத் திரும்ப முறைகேடும் சீர்கேடும் இருந்தன என்றது. டாமின் புத்தகங்களுக்கு வந்த ஏறத்தாழ 15 லட்சம் பவுண்டு முன்பணம் குடும்பத்தின் கம்பெனிக்குப் போனது, அறக்கட்டளைக்கு வரவில்லை, புத்தகம் வாங்கியவர்களோ அதில் ஒரு பங்கு தர்மத்துக்குப் போகும் என்று நம்பினார்கள் என்றது. வீட்டுத் தோட்டத்தில் அறக்கட்டளை பெயரைச் சொல்லி அனுமதி வாங்கி, நீச்சல் தொட்டியோடு வேறுமாதிரி கட்டிய கட்டடத்தை உள்ளூர் நிர்வாகம் இடிக்கச் சொல்லி, 2024-ல் இடித்தார்கள். குடும்பம் தாங்கள் தவறு செய்யவில்லை என்கிறது.

என் அபிப்பிராயம் கேட்டால், எனக்கு வருத்தம்தான். கோபம் அவ்வளவு இல்லை. கடை வைத்தவர்களுக்கு இது புதுசா? கொடுக்கல் வாங்கலில் பெயர் எடுக்க அப்பாவுக்கு அறுபது வருடம் ஆகும், பிள்ளைகள் கைக்கு அது கல்லாப்பெட்டியாக வந்து சேரும். காரைக்குடிக்காரரிடம் கேளுங்கள், நாலு பெயர் சொல்வார். அச்சில் போட முடியாது.

கொரோனாவுக்காகப் பணம் திரட்டியவர் கொரோனாவிலேயே இறந்தார் என்பது உண்மையா? (வாசகி, கும்பகோணம்)

உண்மை. ஏற்கெனவே நிமோனியாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அந்த மருந்துகளால் தடுப்பூசியும் போட முடியவில்லை. 2021 பிப்ரவரி 2-ல் பெட்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிப்ரவரி 27 இறுதிச் சடங்கில், கொரோனா கட்டுப்பாடு காரணமாகக் குடும்பத்தினர் எட்டே பேர். மேலே பழைய டகோட்டா விமானம் ஒன்று பறந்தது. பர்மாவில் காட்டுக்குள் அரிசி மூட்டை போட்ட வகை விமானம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் குடும்பத்தோடு பார்படாஸ் தீவுக்குப் போய் வெயில் காய்ந்துவிட்டு வந்தார். இந்த நேரத்தில் பயணமா என்று அங்கேயும் சிலர் முணுமுணுத்தார்கள். நூறு வயதுக்காரர் எதற்குக் காத்திருக்க வேண்டுமாம்?

தன் கல்லறையில் 'எனக்கு வயதாகிவிட்டது என்று நான் அப்போதே சொன்னேனே' என்று எழுதச் சொல்லியிருந்தார். ஸ்பைக் மில்லிகன் என்ற நகைச்சுவை நடிகரின் கல்லறையில் 'உடம்பு சரியில்லை என்று சொன்னேனே' என்று இருக்கும், அதன் தம்பி இது. மில்லிகனும் இரண்டாம் உலகப்போர்ச் சிப்பாய், பிறந்தது நம் அகமத்நகரில்.

என் தாத்தா போன மாதம் 91 வயதில் காலமானார். ராணுவத்தில் நாயக்காக இருந்து, பிறகு ஒட்டன்சத்திரம் பக்கம் 40 வருடம் மளிகைக் கடை நடத்தியவர். வருஷாப்திக்கு நினைவு மலர் போடப்போகிறோம். 'நாட்டுப்பற்றாளர், தொழிலதிபர், குடும்ப விளக்கு, பண்பின் சிகரம்' என்று சித்தப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். நீங்கள் கொஞ்சம் மெருகேற்றித் தர முடியுமா? (பேரன், ஒட்டன்சத்திரம்)

தம்பி, சித்தப்பா கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் எழுதிய நாலு வார்த்தையையும் எடுத்து என் மாமா படத்தின் கீழ் போடலாம், டாம் மூர் படத்தின் கீழும் போடலாம், பொருந்தும். அதுதான் தொல்லை.

டாமைப் பற்றி இத்தனை பக்கம் எழுதியதில் எனக்கு ஒட்டிக்கொண்டது எது தெரியுமா? போருக்குப்பின் அவர் ஸ்காட் என்ற மோட்டார் சைக்கிளில் ரேஸ் ஓட்டிக் கோப்பைகள் ஜெயித்தார். அவர் வண்டி எண் 23. சர் பட்டம், ஒன்றரை லட்சம் அட்டை எல்லாம் இரண்டு மாதத்தில் எனக்கு மறந்துபோகும். 23 போகாது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். மெருகேற்ற எதுவும் இல்லை, ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள். இரண்டாவது பக்க ஓரத்தில், இடம் போதாமல் சாய்த்து எழுதியிருக்கிறீர்களே: 'தாத்தா காதில் எப்போதும் பென்சில் இருக்கும். கல்யாணத்துக்குப் போனாலும் எடுக்க மாட்டார். ராணுவப் பென்ஷன் வாங்க வரிசையில் நின்றபோது அதிகாரி சிரித்தார் என்று அப்பா சொல்வார்.' மலரின் முதல் பக்கத்தில் அதைப் போடுங்கள். கடை எந்த வருடம் திறந்தார், அன்று முதலில் வாங்கியது யார், என்ன வாங்கினார், கடன் நோட்டில் கடைசி வரை வராமல் நின்ற பாக்கி யாருடையது (பெயர் வேண்டாம், தொகை போதும்), பட்டாலியன் ஆட்கள் யாராவது கடைக்கு வந்து பார்த்தார்களா என்று பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். அப்பாவைவிடப் பாட்டிக்குத்தான் தெரியும். சித்தப்பாவின் நாலு வார்த்தைக்கு மலரின் பின்னட்டையில் இடம் கொடுத்துவிடுங்கள், குடும்பத்தில் சண்டை வேண்டாம்.

மலர் அச்சானதும் எனக்கு ஒரு பிரதி. அப்புறம் அந்தப் பென்சில் இப்போது யாரிடம் இருக்கிறது? முதலில் அதை எடுத்து பத்திரப்படுத்துங்கள். கடைப் பையன் கணக்கு எழுதி சீவித் தீர்த்துவிடப் போகிறான்.